தையற்கார அக்காவுக்கு விளங்கிய தமிழ்

ஜேர்மனியில் எங்கள் வீட்டின் இரகசிய மொழி தமிழ். கடையில் நிற்பவர்களைப் பற்றி அவர்கள் முன்னாலேயே கதைப்பதற்கு மகளைப் பழக்கியதும் நாங்கள்தான்.

விடுமுறைக்கு யாழ்ப்பாணம் வந்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை அக்காவின் மகளுக்குக் கலியாணம். என் பிளவுஸ் இன்னும் துணியாகவே கிடந்ததால், இன்று காலை நல்லூரில் ஒரு தையல் கடைக்குப் போனோம்.

"வெள்ளிக்கிழமை கட்டாயம் தருவன்" என்றார் தையற்கார அக்கா.

என் ஒன்பது வயது மகள் தெளிவாகச் சொன்னாள்: "அம்மா, இவ பொய் சொல்லுறா. பின்னால எவ்வளவு துணி குவிஞ்சு கிடக்கெண்டு பாருங்கோ."

கத்தரிக்கோல் நின்றது.

பதறிப்போய் மகளை ஜேர்மன் மொழியில் அதட்டினேன். அது அடுத்த பிழை.

"பிள்ளை சொன்னது விளங்கினது. நீங்கள் என்னைப் பற்றி என்ன சொன்னனீங்கள், தங்கச்சி?"

"ஐயோ அக்கா, அவவை வாயை மூடச் சொன்னனான்."

"ஏன் மூட வேணும்?" என்றவர் மகளின் பக்கம் திரும்பினார். "பிள்ளை, வியாழக்கிழமையே வாங்கோ. நான் தைச்சு வைக்காட்டி, றோட்டில நிண்டு என்னைப் பொய்க்காரி எண்டு கத்துங்கோ."

மகள் இப்போது குளியலறையில் கத்திப் பழகுகிறாள்.

எனக்கு பிளவுஸ் வேண்டும். அவளுக்கு அது வரவே கூடாது. நீங்கள் யார் பக்கம்?