மழைக்கு எந்த டயர்?

டிசம்பர் மாதம். ஒரு செவ்வாய்க்கிழமை காலை. இரவு முழுக்கப் பெய்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. கைபேசி அடித்தது.

"உங்கள் மனைவி விழுந்துவிட்டார். உடனே வாருங்கள்..."

இத்தாலியனில் ஓர் ஆண் குரல். கபோ சந்தையில் மரக்கறி விற்பவராம். ரஞ்சினியின் கைபேசியை வாங்கி என்னை அழைத்திருக்கிறார்.

ரஞ்சினி என் மனைவி. இத்தாலியின் ஒரு துறைமுக நகரில், சீசா என்ற பகுதியில் எங்கள் வீடு. காலை ஏழரைக்குச் சைக்கிளில் புறப்பட்டுவிடுவாள். துறைமுகத்துக்குப் பக்கத்தில் தனியாக வாழும் எண்பத்தொன்பது வயது மூதாட்டி ஒருவரை – சிஞ்ஞோரா என்றுதான் அழைப்போம் – எழுப்பி, குளிப்பாட்டி, குளிசை கொடுத்துப் பார்த்துக்கொள்வது அவளுடைய வேலை. பெரிய வீதியில் கார்களுக்குப் பயந்து கபோவுக்குள்ளால்தான் போவாள். அந்தத் தெருவெல்லாம் கல் – காலங்காலமாகக் கால்கள் பட்டு வழுவழுத்த கல். மழையும் மீன்கடைத் தண்ணீரும் அதில் சேர்ந்தால்?

நான் அங்கே ஒருநாளும் சைக்கிள் ஓடியதில்லை. எனக்கு பஸ். ஆனால், அந்தக் கல்லில் ஓடுவதற்கு டயர் தெரிவு செய்தவன் நான்!

அக்டோபர் கடைசியில் பழைய டயர்கள் தேய்ந்து உள்நூல் தெரிந்தது. எங்கள் தெருவில் சால்வோ என்பவர் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். இருவருமாகப் போனோம். அவர் இரண்டு வகையை எடுத்து வைத்தார். ஒன்று ஒல்லி; இறுக்கமாகக் காற்றடித்து ஓடுவது. மற்றது அகலம், அழுத்தினால் மெத்தென்று அமுங்கும் ரப்பர்.

ரஞ்சினி அகலமானதைக் கையில் எடுத்தாள்.

"இது நல்லாய்ப் பிடிக்கும் போல கிடக்கப்பா. மழைக்குக் கபோக் கல்லு சவுக்காரம் மாதிரி வழுக்கும்."

"நீர் சும்மா இரும். அது பாரம். இதெண்டா பறக்கும். நான் வீடியோ பாத்தனான்."

பார்த்தது உண்மைதான். பத்துப் பன்னிரண்டு வீடியோ. எல்லாம் காய்ந்த மலைவீதிகளில் பந்தயம் ஓடுகிறவர்கள் பேசியவை. என் மனைவி பந்தயத்துக்கா போகிறாள்?

சால்வோ அவள் முகத்தைப் பார்த்தார். "ஓடப்போவது நீங்கள்தானே?"

அவள் அகல டயரைத் திரும்ப வைத்தாள். "அவர் சொல்வதையே போடுங்கள்" என்று இத்தாலியனில் சொல்லிவிட்டு வெளியே போய் நின்றாள்.

செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது அவள் ஒரு மரக்கறிப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். வலது மணிக்கட்டு வேறு யாருடையதோ போல வீங்கியிருந்தது. முன்சக்கரம் நெளிந்த சைக்கிள் சுவரோரம் கிடந்தது. ஈரக் கல்லில் டயர் வழுக்கிவிட்டதாம்.

"எழும்பும், ஆஸ்பத்திரிக்குப் போவம்."

"நான் போறன். நீங்கள் சிஞ்ஞோராவிட்டைப் போங்கோ." நல்ல கையால் சிஞ்ஞோரா வீட்டுத் திறப்பை நீட்டினாள்.

"உமக்கென்ன விசரே? கை முறிஞ்சு கிடக்கு!"

"எட்டு மணிக்கு மேலை அவ பொறுக்கமாட்டா. தானா எழும்பப் பாப்பா. விழுந்தா தூக்க ஒருத்தரும் இல்லையப்பா. ஓடுங்கோ!"

மரக்கறிக்காரர் தன் வான் வண்டியில் அவளை ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நான் திறப்போடு ஓடினேன். நாலு மாடி. கதவைத் திறந்தபோது எட்டு இருபது.

சிஞ்ஞோரா கட்டிலின் விளிம்பில் இருந்தார். ஒரு கால் தரையில். எட்டாத கைத்தடியைப் பிடிக்க உடம்பு முன்னால் சரிந்துகொண்டிருந்தது... பாய்ந்து இரண்டு கையாலும் தாங்கினேன். அவருடைய இதயம் அடிப்பது என் கைகளில் தெரிந்தது.

என்னை அவருக்கு முன்பே தெரியும். "ரஞ்சி எங்கே?" என்றார். சொன்னேன்.

"அந்தப் புது டயர்தானே? மழை நாட்களில் அவள் பயந்து பயந்துதான் வருவாள். முதலில் உட்கார்ந்து காப்பி குடி, பிறகு என்னைப் பார் என்று நான்தான் சொல்வேன்."

எனக்குத் தெரியாது. ஒரே வீட்டில், ஒரே மேசையில் சாப்பிடுகிறேன். எனக்குத் தெரியாது.

அன்று பின்னேரம் நான் வேலைக்குப் போகவில்லை. பிளாஸ்டர் போட்ட கையோடு இருந்தவளுக்குச் சோறு குழைத்துக் கொடுத்தபடி கேட்டேன்.

"பயமாயிருக்கெண்டு எனக்கேன் சொல்லேல்லை?"

"சொன்னனான்தானே. கடையிலை."

கோபமில்லாமல்தான் சொன்னாள். கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

ஆறு கிழமை அவளுடைய காலை வேலையை நான் செய்தேன். உணவகச் சமையலறையில் எனக்குப் பின்னேர வேலை என்பதால் முடிந்தது. சிஞ்ஞோராவைக் குளிப்பாட்ட மட்டும் பக்கத்து வீட்டுப் பெண் வந்து உதவினார். தினமும் கபோவுக்குள்ளால் நடந்தேன். ஒரு மழை நாளில் வெறும் நடையிலேயே கால் வழுக்கி, மீன்கடைக்கு மேலே கட்டிய படங்கின் கம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். நடந்தவனுக்கே இந்தக் கதி... இந்தக் கல்லில்தான் அவள் ஒல்லி டயரில் ஒன்றரை மாதம் ஓடியிருக்கிறாள்.

பிளாஸ்டர் கழற்றியதும் மறுபடி சால்வோவிடம் போனோம். நெளிந்த ரிம் இனி நிமிராது, முன்சக்கரமே புதிதாக வேண்டும் என்றார். நான் வாய் திறக்கவில்லை. ரஞ்சினி கேட்டாள் – அரை மணி நேரம் கேட்டாள். அகல ரிம் போட்டால் அகல டயர் ஆடாமல் உட்காருமா? ஈரத்தில் பிரேக் பிடிக்க நேரமெடுக்குமா? டயரில் ஆழமான வெட்டுகள் இருந்தால் நல்லதா?

சால்வோ பொறுமையாகச் சொன்னார். வெட்டுகள் சேற்றுக்குத்தான் உதவும். ஈரக் கல்லைப் பிடிப்பது அகலமும் மெத்தென்ற ரப்பரும். மழை நாளில் கொஞ்சம் காற்றைக் குறைக்க வேண்டும். ரிம் நனைந்தால் பிரேக் தாமதிக்கும். திருப்பத்துக்கு முன்பே வேகத்தைத் தணித்துவிட வேண்டும், திருப்பத்தில் வைத்துப் பிடிக்கவே கூடாது. இதையெல்லாம் அவர் அக்டோபரிலேயே சொல்லியிருப்பார். யார் கேட்டது?

போன திங்கட்கிழமை, இரண்டு சக்கரத்திலும் அகல டயரோடு, மறுபடி வேலைக்குப் போனாள். தூறல் இருந்தது. நானும் வரட்டா என்றேன், வேண்டாம் என்றாள். மத்தியானம் திரும்பி வந்தவள் தானாகவே சொன்னாள்.

"கபோவுக்குள்ளை இறங்கி, சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் போனனான். டயர் நல்லம். எனக்குத்தான் இன்னும் துணிவு வரேல்லை."

இனி ஏன் பயம், அகல டயர் நன்றாகப் பிடிக்கும் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. "ஓம்" என்று மட்டும் சொல்லி, அவள் மேலே சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இவ்வளவு கேட்கப் பழகுவதற்கு ஓர் எலும்பு முறிய வேண்டியிருந்தது – அதுவும் என்னுடையது அல்ல.