பேயாக்கப்பட்ட மூவர்

காரிமங்கலத்து மாயவன் வீரத்துக்காகப் பட்டாளத்தில் சேரவில்லை. மூன்று வருஷம் மழையில்லை, ராகிகூட முளைக்கவில்லை. சிங்கப்பூரில் ஜப்பான்காரனிடம் பிடிபட்டான். நியூகினித் தீவுக்குக் கப்பலேற்றி மூட்டை சுமக்க வைத்தார்கள். காய்ச்சலில் விழுந்ததும் காட்டோரம் போட்டுவிட்டுப் போனார்கள்.

அங்கிருந்த மலைக்குடிகள் மூவர் அவனைத் தூக்கிப்போய்ச் சேப்பங்கிழங்கு ஊட்டினார்கள். ஒன்றரை வருஷம் அவர்கள் பேச்சே அவன் பேச்சு. அதில் லகரம் இல்லை, சகரம் இல்லை. 'ப' தனியாக வராது; மூக்கிலிருந்து ஒரு 'ம்' அதை இழுத்துக்கொண்டு வரும். குரலைத் தூக்கினால் ஒரு சொல், தாழ்த்தினால் வேறு சொல். பெயரும் அப்படித்தான், குரல் தப்பினால் அது அவர் பெயரே இல்லை. அவனை ஒளித்து வைத்ததற்காக ஜப்பான் சிப்பாய்கள் மூவரையும் சுட்டார்கள். மாயவன் புதருக்குள்ளிருந்து பார்த்தான்.

போர் முடிந்து 1946-இல் ஊர் திரும்பியவன், ஏர் ஓட்டும்போதெல்லாம் அந்த மூவரையும் வாய்விட்டுக் கூப்பிடுவான். மறந்துவிடுவோமோ என்ற பயம். அவர்களைக் கூப்பிட இந்த மண்ணில் வேறு வாய் கிடையாது.

மச்சினன் தர்மனுக்கு அது பேய்ப் பேச்சு. "பேயை ஓட்டுங்க மாமா. இல்லேன்னா அக்காவை எங்க வூட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன்." மனைவி தீர்த்தம்மாள் அழுதாள். அவளுக்காக மாயவன் ஒப்புக்கொண்டான்.

ஊரெல்லைப் புளியமரத்தடியில் கூட்டம் கூடியிருக்க, பூசாரி உடுக்கையை வைத்துவிட்டுச் சாட்டையை எடுத்தான். "யாருடா நீ? பேரைச் சொல்லு!"

"மாயவனுங்க."

சாட்டை விழுந்தது. "அது உடம்போட பேரு. உள்ள இருக்கறவன் பேரு?"

உள்ளே இருந்தவர்கள் அந்த மூவர்தான். "உம்பே. மோண்டே. இங்கோவா."

"மூணு பேரா!" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி. "அடியே தீர்த்தா, அத்தினி பேருக்கும் களி கிண்டவா முடியும்?" சிரித்தார்கள்.

"போறோம்னு சத்தியம் பண்ணு!"

உயிரைக் காத்தவர்களைத் தன் வாயாலேயே பேயென்று துரத்த வேண்டும். எழுத்தறிந்தவர்களும் அங்கே நின்றார்கள். ஒருவராவது அந்த மூவர் யாரென்று கேட்கவில்லை. கேள்வி கேட்கத் துணியாத கூட்டத்துக்குச் சாட்டைதான் சாஸ்திரம்.

மாயவன் தீர்த்தம்மாளைப் பார்த்தான். "போறோம். இனி இந்த வாயில வரமாட்டோம்."

பூசாரி அவன் தலைமயிரில் ஒரு கொத்தை அறுத்துப் புளியமரத்தில் வைத்து ஆணியடித்தான்.

திரும்பும்போது தர்மன் முன்னால் நடந்தான். தீர்த்தம்மாள் முந்தானையால் கணவன் முதுகின் ரத்தத்தை ஒற்றிக்கொண்டே மெல்லக் கேட்டாள்: "உம்பேங்கறது யாருங்க?"

"அப்படியில்ல புள்ள. அடியில ஆரம்பிச்சு மேல தூக்கணும்." சொல்லும்போதே அவன் வாய் உம்பேயை முழுக்குரலில் கூப்பிட்டுவிட்டது.

தர்மன் நின்றான். திரும்பினான்.