கிண்டி வரை நிலா

திங்கட்கிழமை காலை வண்டி தாம்பரத்தை விட்டு நகர்ந்ததும் தயாளன் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். ஆறு வருடமாக நான் பார்த்த பழக்கம். பெட்டியில் எங்களுக்குக் கதை சொல்ல அவருக்கு மணி வேண்டாம், ஸ்டேஷன்களே போதும். குரோம்பேட்டையில் சிக்கல் வர வேண்டும், மீனம்பாக்கத்தில் அது முற்ற வேண்டும், பரங்கிமலை தாண்டியதும் யாராவது உயிராபத்தில் மாட்ட வேண்டும். கிண்டியில் அவர் இறங்கிவிடுவார். மீதி அடுத்த திங்கட்கிழமை.

கிண்டியில் ஒரு பம்பு கம்பெனியில் ஸ்டோர்ஸ் கிளார்க். மடியில் இருக்கும் டிபன் கேரியரையே ராக்கெட்டின் ஸ்டியரிங்காகத் திருப்புவார். பெண் குரலில் பேசும்போது மட்டும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார். யாராவது நடுவில் இருமினால் முறைப்பார்.

பேய்க் கதை, துப்பறியும் கதை எல்லாம் தீர்ந்து கடைசியில் நிலாக் கதைக்கு வந்திருந்தார். நூறு வருடம் கழித்து மெட்ராஸ்காரர்கள் நிலாவில் குடியேறிவிட்டார்கள். அங்கேயும் தண்ணீர் இல்லை. பூமியிலிருந்து தண்ணீர் ராக்கெட் வரும். குடத்தோடு நின்று சண்டை போடும் கனகவல்லியிடம் அதன் டிரைவர் சொல்வான்: “ரெண்டரை லட்சம் மைல் ஓட்டிகினு வந்துகீறேன். ஒரு வார்த்த, துன்னியான்னு கேட்டியாமே?”

பெட்டியே சிரிக்கும். நானும் சிரிப்பேன். பிறகு, இந்த வரி எனக்கு ஏன் வரவில்லை என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். மாம்பலத்தில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறேன். என் கதைகள் பத்திரிகைகளுக்குப் போய், பிரித்த அடையாளமே இல்லாமல் திரும்பி வருகின்றன.

ஒருநாள் விளம்பரக் கம்பெனிக்காரர் ஒருவர் நின்றபடியே கதையைக் கேட்டார். டிவிக்குத் தொடர் எடுப்பவராம். பதிமூன்று வாரத்துக்கும் பொங்கலுக்குள் எழுதித் தந்தால் தானே எடுப்பதாகச் சொன்னார். அன்றிலிருந்து தயாளன் காலையில் சொன்னதை மதியச் சாப்பாட்டு நேரத்தில் எழுதி வைத்தார். எட்டு வாரம் முடிந்தது. எட்டாவதின் கடைசியில், பிரேக் பிடிக்காத தண்ணீர் ராக்கெட் கனகவல்லியின் தெருவை நோக்கி இறங்குகிறது.

அந்த வாரம் அவருக்கு மாற்றல் வந்தது. கம்பெனி சேலையூரில் புதுக் கிடங்கு திறந்திருந்தது. வீட்டிலிருந்து நடந்தே போகலாம். அவர் மனைவி ஜெயசீலி வருடக்கணக்கில் ஜெபித்துப் பெற்ற மாற்றல்.

இரண்டு மாதம் கழித்து அவர் வீட்டுக்குப் போய், மீதிக் கதை என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

“உக்காந்து பாத்தேன் தம்பி. கிண்டி வரவே மாட்டேங்குது,” என்றார். “கிண்டி வந்தாதானே நிறுத்த முடியும்? எழுதறேன், எழுதறேன், போய்க்கிட்டே இருக்கு.”

இட்லிக்குச் சட்னி ஊற்றிக்கொண்டே, இப்போது அரை மணி நேரம் கூடுதலாகத் தூங்குவதாகவும் சொன்னார். குரலில் வருத்தமே இல்லை. எனக்கு வயிறு எரிந்தது. நான் கேட்டுக் கேட்டு வராத ஒன்றைத் தூக்கத்துக்கு விட்டுக்கொடுக்கிறாரே.

அடுத்த திங்கட்கிழமை ஒன்பதாம் வாரத்தை நானே ஆரம்பித்தேன். எழும்பூரில் இறங்கும் ஃபிட்டர் சேட்டு பல்லாவரம் வரை பொறுமையாகக் கேட்டார்.

“நல்லாத்தான் கீது தம்பி. ஆனா இது படிச்சவங்க நிலா. அவரு வரட்டும்.”

பொங்கலும் போய்விட்டது. விளம்பரக் கம்பெனிக்காரரை அப்புறம் வண்டியில் பார்க்கவில்லை. ஆனால் தயாளன் உட்காரும் ஜன்னலோர இடத்தை இன்றைக்கும் யாரும் எங்களைக் கேட்காமல் எடுப்பதில்லை. நான் ஒருமுறை உட்கார்ந்தேன். சானடோரியத்தில் நானே எழுந்துவிட்டேன்.

போன மாதம் தாம்பரம் பிளாட்பாரத்தில் கல்யாணத்துக்குப் போகும் உடையில் தயாளனும் ஜெயசீலியும் நின்றார்கள். சேட்டு கதவில் தொங்கியபடி கூப்பிட்டார்.

“சார், அஞ்சு வாரம் பாக்கி கீது சார். அந்தப் பொம்பள பொழச்சாளா இல்லியா, அத்தயாவது சொல்லிட்டுப் போ.”

உள்ளே அவருக்காக ஜன்னலோரம் காலியாயிற்று. தயாளன் எங்களைப் பார்த்தார். பட்டுப் புடவையோடு நின்ற மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, கூடைக்காரர்கள் ஏறும் வெண்டர் பெட்டிக்கு ஓடினார். மீன் கூடைகளுக்கு நடுவே அவளை ஏற்றிவிட்டு, தானும் ஏறி, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார்.