இரட்டை இறக்கை விமானமும் என் மனுவும்

விதி பதினொன்று, உட்பிரிவு இரண்டு: கைவினைப் பிரிவுக்கு வரும் பொருள்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமை, பதிவேட்டில் பெயர் எழுதிய வரிசைப்படி அமையும். இதில் விளங்காத சொல் ஒன்றும் இல்லை. இருக்கவும் முடியாது, ஏனென்றால் அதை எழுதியவன் நான்.

முப்பதுகளில், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், ரயில்வே கிராணிகள், அதாவது குமாஸ்தாக்கள், சிலர் சேர்ந்து ஒரு சங்கம் நடத்தினோம். வாசிக்க ஓர் அறை, இரண்டு கேரம் பலகை, பின்னால் ஒரு பந்துத் திடல், நாற்பத்து மூன்று விதிகள். வருட விழாவில் உறுப்பினர்கள் கையால் செய்த பொருள்களைக் காட்சிக்கு வைப்பது வழக்கம். ஒரு வருடம் கைவினைப் பிரிவுக்காக, சீமையிலிருந்து வந்த இரண்டு மாதிரி விமானப் பெட்டிகளைக் கோலாலம்பூர்க் கடையொன்றில் வாங்கினார்கள். பெட்டிக்குள் ஈர்க்கு மாதிரி மரச் சட்டங்கள், வெங்காயத் தோல் மாதிரித் தாள், முறுக்கி விடும் ரப்பர், ஒரு பெரிய வரைபடம். செய்து முடித்தால் உண்மையாகவே பறக்கும் என்று மூடியில் போட்டிருந்தது.

ஒன்று ஒற்றை இறக்கை. மற்றது இரட்டை இறக்கை.

சுங்கை பீசி விமானத் திடலிலிருந்து கிளம்பும் இரட்டை இறக்கை விமானங்கள் சாயங்காலங்களில் எங்கள் குவார்ட்டர்ஸ் கூரைகளுக்கு மேலே போகும். மேல் இறக்கைக்கும் கீழ் இறக்கைக்கும் நடுவே வெயில் தெரியும். அந்த இடைவெளியைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கழுத்து வலி வந்ததுதான் மிச்சம். ஒற்றை இறக்கை விமானம் என்பது பறக்கும் பலகை. அதை யாரும் செய்யலாம். இரட்டை இறக்கையில் மேல் இறக்கையைத் தாங்கும் நடுக் கால்கள் உண்டு, குறுக்கே இழுத்துக் கட்டும் நூல்கள் உண்டு. அதை நான்தான் செய்யவேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். பதிவேட்டில் முதல் பெயர் என்னுடையது. இரண்டாவது பெயர் அவருடையது.

அவர் என் பக்கத்து மேசைக்காரர். கிள்ளானிலிருந்து தினமும் ரயிலில் வருவார். மெதடிஸ்ட் குடும்பம். என்னைவிட ஒரு வயது சின்னவர், பரீட்சையில் எனக்குப் பின்னால் வந்தவர், கையெழுத்து கோழி கிளறியது மாதிரி. ஆனால் அவர் சிரித்தால் துரை சிரிப்பார், கடைக்காரன் சிரிப்பான், ஸ்டேஷன் நாய்கூட வாலாட்டும். எனக்கு வாலாட்டிய நாயை நான் பார்த்ததில்லை. நான் மூன்று தடவை எழுதிக் கேட்டும் வராத நாற்காலி, அவர் ஒரு தடவை வாயால் கேட்டதும் வந்தது. அந்த நாற்காலி கிறீச்சிடும் ஒவ்வொரு தடவையும் என் கூட்டல் தப்பும்.

பெட்டிகளைக் கொடுக்கும் சனிக்கிழமை, நான் வேலை பார்த்த ரயில்வே ஸ்டோரில் இருப்பு சரிபார்ப்பு. கையெழுத்துப் போட்டுவிட்டு நான் சங்கத்துக்கு ஓடிவந்தபோது பத்து நிமிடம் தாமதம். இரட்டை இறக்கைப் பெட்டி அவர் கக்கத்தில் இருந்தது.

"விதி பதினொன்று," என்றேன் செகரட்டரியிடம், மூச்சு வாங்கியபடி.

"என்னய்யா இது, வந்ததும் வராததுமா? ரெண்டும் பறக்கிறதுதானே! அவரு மூடியைப் பாத்து ஆசைப்பட்டாரு, எடுத்துக்கங்கன்னேன்."

"பதிவேட்டில் முதல் பெயர் என்னுது."

"அப்ப ஒரு மனு எழுதிக் குடுங்க," என்றார் செகரட்டரி. அவர் வாழ்நாளில் செய்த தவறுகளில் இது பெரியது என்று நினைக்கிறேன்.

அன்றைக்கே எழுதினேன். மூன்று பிரதி. ஒற்றை இறக்கைப் பெட்டியையும் வாங்கி வந்தேன், "ஆட்சேபத்துடன் பெறப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்திட்டு. வீட்டில் அலமாரிமேல் வைத்தேன். பிரிக்கவில்லை. ஸ்டோர் வேலை தெரிந்தவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை: தவறாக வந்த சரக்கின் கட்டைப் பிரித்தால், அதை ஏற்றுக்கொண்டதாக அர்த்தம்.

என் மனைவி அதைத் தூசி தட்டும்போதெல்லாம் கேட்பாள். "இதுல ஒரு இறக்கை இருக்குல்ல? அதையாவது பறக்க விடுங்களேன்."

"மனு நிலுவையில இருக்கு."

"மனு பறக்குமா?"

முதல் மாதக் குழுக் கூட்டத்தில் ஆள் போதவில்லை. இரண்டாம் மாதம் மனுவைக் கைவினைப் பிரிவின் கருத்துக்கு அனுப்பினார்கள். முறைதான். ஆனால் கைவினைப் பிரிவில் உறுப்பினர்கள் இரண்டே பேர், அவரும் நானும். மனுதாரன் தன் மனுவுக்குத் தானே கருத்து எழுதுவது முறையல்ல என்று நான் விலகிக்கொண்டேன். ஆகவே தாள் அவர் மேசைக்குப் போனது. அதாவது, என் முழங்கையிலிருந்து இரண்டு அடி தள்ளி. நான் தலை நிமிரவில்லை. அவர் பேனாவை எடுத்து ஒரே வரி எழுதி மடித்தார்.

"மனுதாரர் சொல்வது சரி."

இதை நான் மன்னிக்கவில்லை. எதிர்த்து எழுதியிருந்தால் நான் பதில் எழுதியிருப்பேன். நான்கு பக்கத்துக்கு விஷயம் வைத்திருந்தேன். பெருந்தன்மைக்குப் பதில் எழுத எந்தப் படிவமும் கிடையாது.

அந்தச் சனிக்கிழமை அவர் என் மேசையோரம் வந்து நின்றார். "அண்ணே, நாளைக்குக் கிள்ளானுக்கு வாங்களேன். அந்த வரைபடம் எனக்குத் தலையும் புரியலை வாலும் புரியலை. உங்களுக்குத்தான் அதெல்லாம் தண்ணி பட்ட பாடு."

போனேன். உதவி செய்யப் போனேன் என்று சொன்னால் இந்த வயதில் பொய்யாகும். பிழை பார்க்கப் போனேன். கோணலான சட்டம், சுருங்கிய தாள், வழிந்த பசை என்று ரயில் முழுக்க ஒரு பட்டியல் போட்டுக்கொண்டு போனேன்.

அவர் வீட்டு முன்னறையில், பைபிள் வைத்திருந்த மேசையின் மறுபாதியில் அது நின்றது. கீழ் இறக்கை முடிந்து, நடுக் கால்கள் நட்டு, மேல் இறக்கை மட்டும் தனியாகப் படுத்திருந்தது. தாள், மேளத் தோல் மாதிரி விறைப்பாக இருந்தது. கோழி கிளறிய கையெழுத்துக்காரர் இதை எப்படிச் செய்தார்? மேசையை இரண்டு தடவை சுற்றி வந்தேன். என் பட்டியலில் ஒன்றுகூடத் தேறவில்லை. வரைபடத்தில் நூல் கட்டும் இடம் மட்டும் அவருக்கு விளங்கவில்லை. எனக்கு ஒரே பார்வையில் விளங்கியது. விரல் துடித்தது.

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டார் போல. "எடுத்துக்கிட்டுப் போங்கண்ணே," என்றார்.

"எதை?"

"இதைத்தான். பாதிதான் முடிஞ்சிருக்கு, மேல் இறக்கை ஒட்டலை, நூல் கட்டலை. கஷ்டமான வேலையெல்லாம் இனிமேதான். நீங்க முடிங்க. அந்த ஒத்தை இறக்கையை நான் செய்றேன். விழாவுக்கு இன்னும் நாள் இருக்குல்ல?"

அவர் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொன்னார்: "ஆமாண்ணே, கொண்டுபோங்க. ராத்திரி தூக்கத்துலகூட நூல் நூல்னு பொலம்புறாரு."

பழைய சட்டைப் பெட்டியொன்றில் வைத்தால் மடியிலேயே கொண்டுவந்துவிடலாம். கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் வரை ரயிலில் யாரும் இடிக்காமல் பார்த்துக்கொள்ள எனக்குத் தெரியும். கை நீண்டதும் உண்மை.

"முடியாது," என்றேன்.

"ஏண்ணே?"

"மனு நிலுவையில இருக்கு. முடிவு வர்றதுக்கு முன்னாடி தனிப்பட்ட முறையில பொருளை வாங்கிக்கிட்டா, மனு செத்துப்போயிடும். நான் சமரசம் பண்ணிக்கிட்டதா குறிப்பு எழுதுவாங்க."

"எழுதட்டும் லா. விமானம் உங்க கையில இருக்குமே?"

"குழு குடுக்கணும். குடுத்தா வாங்கிக்கிறேன்."

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் காப்பியைக் குடித்தேன். போகும் முன்னால், நூல் எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்று பென்சிலால் குறித்துக் கொடுத்தேன். நல்ல மனத்தால் அல்ல. அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

மூன்றாம் மாதக் கூட்டம் மழையால் ஒத்திவைக்கப்பட்டது.

வருட விழாவன்று இரட்டை இறக்கை விமானம் நடு மேசையில் நின்றது. நூல்கள் நான் குறித்த இடங்களில் இருந்தன. அடியில் வைத்த அட்டையில் அவர் பெயர். என் மேசையில், ஆட்சேபக் குறிப்பு ஒட்டிய மூடிய பெட்டி. அதையும் காட்சிக்கு வைக்க எனக்கு உரிமை உண்டு, வைத்தேன். செகரட்டரி அதைக் கடக்கும்போதெல்லாம் வேறு பக்கம் பார்த்தார்.

சாயங்காலம் எல்லோரும் பந்துத் திடலுக்குப் போனார்கள். அவர் ரப்பரை முறுக்கினார். விட்டார். அது தடுமாறும் என்று எதிர்பார்த்தேன். எதிர்பார்த்தேன் என்பதைவிட வேண்டிக்கொண்டேன் என்பது சரி. தடுமாறவில்லை. தலை உயரம் ஏறி, இரண்டு ஆள் உயரம் ஏறி, கோல் கம்பத்தைத் தாண்டி, திரும்பி எங்கள்மேலே வந்தது. இரண்டு இறக்கைக்கும் நடுவே வெயில் தெரிந்தது. பிறகு காற்று தூக்கியது. திடலோரத்துத் தூங்குமூஞ்சி மரத்தின் உச்சிக் கிளையில் போய் உட்கார்ந்தது. அங்கே ஏறுகிற ஆள் யாரும் இல்லை. அரை மணி நேரத்தில் மழை பிடித்தது, நம்மூர் மழை. தாள் முதலில் போனது.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைக்கவில்லை. ஆறுதல் சொல்லும் சாக்கில் அவர் முகத்தைப் பார்க்கப் போனேன். ஓட்டுச் சார்ப்பின்கீழ் முழுக்க நனைந்து நின்றார். என் கையைப் பிடித்து உலுக்கினார்.

"பறந்துச்சுண்ணே! பாத்தீங்களா? திரும்பி வந்துச்சு பாருங்க, அது உங்க நூலு!"

மரத்தைப் பார்த்து அவர் ஒரு பெருமூச்சுகூட விடவில்லை. அதற்கும் பொறாமைப்பட்டேன். பறந்தது அவருக்குக் கிடைத்துவிட்டது. என்னிடம் இருந்தது பெட்டி.

நான்காம் மாதம் குழு கூடியது, ஆளும் போதுமான அளவு இருந்தது. பதில் தட்டச்சில், இரண்டு கையெழுத்தோடு, என் மேசைக்கு வந்தது. மனு முழுமையாக ஏற்கப்படுகிறது. இரட்டை இறக்கை விமானத்தைத் தேர்ந்தெடுக்கும் முதல் உரிமை மனுதாரருடையதே. அவர் அதை ஏழு நாளுக்குள் மேற்படி உறுப்பினரிடமிருந்து நல்ல நிலையில் பெற்று, ரசீது கொடுக்கவும். பதில் வந்து சேர்ந்த தேதியை ஓரத்தில் குறித்தேன், ஏழு நாள் கெடு அதிலிருந்துதானே தொடங்கும்: நவம்பர் ஒன்பது.