ஆட்டு நாக்கும் என் நாக்கும்

கண்டி டவுனில் தேயிலைத் தூள் கலப்பதில் எனக்கு நிகர் நான்தான். மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவன், இந்த நாக்கை வைத்தே கடையும் வீடும் கட்டினேன். போன வருடம் வந்த காய்ச்சலில் அந்த நாக்கு செத்துப்போனது. புசல்லாவைத் தோட்டத்துத் தேயிலைத் தூளும் மரத்தூளும் வாயில் ஒன்றாகவே இருந்தன. கடையை மூடிவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

மருமகளுக்கு மிருக வைத்திய ஆய்வுகூடத்தில் வேலை. நுணுக்குக்காட்டியில் எடுத்த ஆட்டு நாக்கின் படத்தை போனில் காட்டினாள். அதிலிருந்த சுவை அரும்பு, அசல் வெள்ளைப்பூண்டு போல இருந்தது.

"இந்தப் பூண்டுல ஒவ்வொரு பல்லும் ஒரு உயிர்க்கலம் மாமா. சிலது இனிப்புக்கு, சிலது கசப்புக்கு, சிலது புளிப்புக்கு. மத்ததெல்லாம் இதுகள அணைச்சுப் பிடிச்சிருக்கு. அடியில இருக்கிற குட்டிங்க வளந்து, செத்ததோட இடத்துக்கு வரும்."

"ஆட்டுக்கு வரும். எனக்கு?"

"உங்களுக்கும் அதே அமைப்புதான். கொஞ்சம் பொறுங்க."

அன்றிலிருந்து காலையில் அவளே பால் சேர்க்காத பிளேன்டீ ஊற்றித் தந்தாள். ருசி தெரியாவிட்டாலும், "அருமைம்மா" என்று சொல்லிக் குடித்து வந்தேன். ஒருநாள், தூள் பார்க்கிற வழக்கப்படி கரண்டியில் எடுத்துச் சத்தமாக உறிஞ்சினேன். நாக்கில் கசப்பு ஏறியது.

"ஏம்மா, இத்தனை நாளும் இந்தக் கஷாயத்தையா குடிச்சேன்?"

அவள் சிரித்துக்கொண்டே உள்ளே பார்த்து என் மகனிடம் சொன்னாள்: "கடைய மூட வேணாங்க. மாமாவுக்கு நாக்கு வந்திருச்சு."

இப்போது காலை டீ நான்தான் ஊற்றுகிறேன், அவளுக்கும் சேர்த்து. கண்டியிலேயே நல்ல டீ அது.