சாராயக்கடை ஸ்டாப்பிங்

பூந்தமல்லியில ஷேர் ஆட்டோ ஏறி "சாராயக்கடை ஸ்டாப்பிங்"னு சொன்னா யாரும் உங்கள ஒரு மாதிரியா பாக்க மாட்டாங்க. எங்க ஏரியாவுல கல்யாணத்துக்கு வழி சொல்றவங்ககூட அப்படித்தான் சொல்லுவாங்க. அங்க இருக்கற கட்டடத்துல மொதல்ல கள்ளுக்கடை, அப்புறம் சாராயக்கடை, அதுக்கப்புறம் பார் வெச்ச ஒயின் ஷாப்பு. ஹைவேஸ் பக்கத்துல இருக்கக் கூடாதுன்னு கடைய எடுத்ததுல இருந்து பூட்டியே கெடந்துச்சு. கீழ ஒரு ஹாலு, மேல ஒரு வூடு.

அந்த ஹால்லதான் டிபன் கடை போடணும்னு நான் முடிவு பண்ணேன். அதுவரைக்கும் வூட்லயே இட்லி, பொங்கல் செஞ்சி பக்கத்து பிளாட்ஸ்ல இருக்கற ஐடி பசங்களுக்கு குடுத்துகினு இருந்தேன். என் கைப்பக்குவம் எனக்குத் தெரியும். ஒருத்தன் என் சாம்பார சாப்பிட்டா, மறுநாள் ரெண்டு பேர கூட்டினு வருவான். வூட்டு அடுப்பு பத்தல, அவ்ளோதான் விஷயம்.

எங்க மாமியாரு கேட்ட ஒடனே சொல்லிட்டாங்க: "அந்த எடம் ராசியில்ல. அங்க போன எவனும் உருப்பட்டதில்ல." என் வூட்டுக்காரரு ரெண்டு பக்கமும் தலைய ஆட்டிட்டு, பைக்க எடுத்துகினு ஆவடிக்கு டூட்டிக்குப் போயிட்டாரு. அம்மா பேச்ச அவரு தாண்ட மாட்டாரு. அத்தை சரின்னு சொன்னாத்தான் கடை, இல்லன்னா இல்ல.

எனக்கு சுர்ருனு ஏறிச்சு. ராசியாம் ராசி! "சரி அத்த, அங்க இருந்தவங்க ஒவ்வொருத்தரையும் போய் பாக்கறேன். உருப்பட்டாங்களா இல்லையான்னு நானே கேட்டுகினு வரேன்"ன்னேன். "போ, உனக்கு வேற வேல இல்ல"ன்னுட்டு அவங்க டிவி பக்கம் திரும்பிட்டாங்க.

கட்டடத்து ஓனரு பருத்திப்பட்டு ஏரி பக்கம் பிளாட்டுல இருக்காரு. எல்லா ஓனரும் சொல்றதத்தான் அவரும் சொன்னாரு. "ராசியான எடம்மா. அங்க இருந்தவங்க எல்லாரும் சொந்த வூடு கட்டிகினு போனவங்கதான்."

"ரொம்ப நல்லது சார். எங்க கட்டியிருக்காங்க? சொல்லுங்க, பாத்துட்டு வரேன்."

மனுஷன் ஆடிப் போயிட்டாரு. அந்த வார்த்தைய நம்பி அட்ரஸ் கேட்டவ நான் ஒருத்தியாத்தான் இருப்பேன். தலைய சொறிஞ்சி சொறிஞ்சி மூணு பேர சொன்னாரு.

மொத ஆளு, சாராயக்கடைய ஏலம் எடுத்து நடத்தினவரோட மகன். திருமழிசை எஸ்டேட்டுல லேத்து பட்டறை வெச்சிருக்காரு, மூணு மிஷினு ஓடுது. "எங்கப்பா ஒரு சொட்டு குடிச்சதில்லம்மா. அந்தக் கடைதான் எங்கள படிக்க வெச்சிது"ன்னாரு. கெளம்பறப்ப பின்னாடியே வந்து, "என் சம்பந்தி வூட்டுக்கு இதெல்லாம் தெரியாது, எங்கயும் சொல்லிடாத"ன்னு கெஞ்சினாரு. நான் ஏன் சொல்லப் போறேன்? எனக்கு வேண்டியது கெடச்சிடுச்சு.

ரெண்டாவது ஆளு பார் நடத்தினவரு. இப்ப ஆவடி ஸ்டேஷன் கிட்ட தள்ளுவண்டியில மீன் வறுக்கறாரு. "அத ஏன் கேக்கற? பொண்டாட்டி நகையெல்லாம் பூடுச்சி. ராசி கெட்ட எடம்மா அது"ன்னாரு. பக்கத்துல டீ குடிச்சிகினு இருந்தவரு சிரிச்சாரு. "அண்ணாத்தே, நீ வித்தது பாதி, குடிச்சது பாதி. அத சொல்லு மொதல்ல."

"அது வேற மேட்டரு"ன்னுட்டு இவரு மீன திருப்பிப் போட்டாரு. ஆடத் தெரியாதவ தெரு கோணல்னாளாம். இவர நான் கணக்குலயே சேத்துக்கல.

மூணாவது, மேல் வூட்ல ரொம்ப காலம் குடியிருந்த பாயம்மா. பெரிய மசூதிக்குப் பின்னாடி சந்துல சொந்த வூடு, வாசல்ல பச்ச பெயின்ட்டு. நிஜமாவே கட்டிகினுதான் போயிருக்காங்க! முட்டி வலியோட எழுந்து வந்து எனக்கு டீ போட்டுக் குடுத்தாங்க. "கீழ ஒரே நாத்தம். அதனால வாடகை கம்மி. அந்த வூட்லருந்துதான் என் பொண்ணுங்க அத்தினி பேரையும் கட்டிக் குடுத்தேன். ராசிக்கு இன்னா கொறச்சலு?" எனக்கு அப்படியே குளுந்து போச்சு. அத்தை கிட்ட எப்படி சொல்லி மடக்கலாம்னு அங்கயே ஒத்திக பாத்துகினு இருந்தேன்.

அப்பதான் கேட்டாங்க, "நீ யாரு வூட்டு மருமவ?"

சொன்னேன். அவங்க முகம் மாறிப் போச்சு.

"அவ மருமவளா நீ? சாயங்காலம் ஆனா எங்க படிக்கட்டுல வந்து குந்திக்குவா. மடியில உன் வூட்டுக்காரன், கைக்கொழந்த. பொம்பள அந்தக் கடைக்குள்ள போவ முடியுமா? உன் மாமனாரு வெளிய வர்ற வரைக்கும் கதவயே பாத்துகினு இருப்பா. மேல வாடின்னா வர மாட்டா. அந்த நேரம் பாத்து அவரு வேற எங்கனா பூட்டாருன்னான்னு பயம். எத்தினி வருஷம் குந்தினா தெரியுமா?"

என் மாமனார நான் பாத்ததில்ல. மஞ்சக்காமாலையில போயிட்டாருன்னு பொண்ணு பாக்க வந்தப்பவே சொன்னாங்க. நானும் இந்த ஊர்க்காரிதானே? எங்க பக்கம் பாதி ஆம்பளைங்களுக்கு அந்தக் காமாலைதான் வந்துச்சுன்னு எனக்குத் தெரியாதா? கேக்கணும்னு தோணவேயில்ல.

ராசியில்லன்னு அத்தை சொன்னதுக்கு இதுதான் அர்த்தம்னு பஸ்ல வர்றப்ப புரிஞ்சிது. வூட்டுக்கு வந்தா, அத்தை முருங்கக்கீர ஆஞ்சிகினு இருந்தாங்க. பக்கத்துல போய் ஒக்காந்தேன்.

"அத்த, பாயம்மாவ பாத்தேன்."

கை நின்னு போச்சு. "நல்லா இருக்காளா?"ன்னாங்க.

"முட்டி வலியாம். அத்த, எனக்கு அந்த எடம் வேணாம். வேற பாக்கறேன்." மனசாரத்தான் சொன்னேன். அழுகையும் வந்துடுச்சு.

"ஏன்? ராசியில்லன்னுதான் சொன்னேன், போவாதன்னா சொன்னேன்? உன் சாம்பாருக்கு எந்த ராசி வேணும்? போய் அட்வான்ஸ குடு"ன்னு என் பக்கம் பாக்காமலே கீரைய இழுத்தாங்க.

வெள்ளயடிச்சி, அடுப்பு மேட கட்டி, ஒரு வெள்ளிக்கெழம காலையில பால் காய்ச்சினோம். அத்தைதான் பத்த வெக்கணும்னு நான் அடம் புடிச்சேன். வாசப்படி வரைக்கும் வந்து நின்னுட்டாங்க. நான் கையப் புடிச்சேன். அதுக்கப்புறம்தான் காலெடுத்து உள்ள வெச்சாங்க.

அடுப்பு பக்கம் போவல. ஹாலுக்கு நடுவுல நின்னு இந்த செவுர பாத்தாங்க, அந்த செவுர பாத்தாங்க. அவங்க வாழ்க்கையில மொத தடவ அந்தக் கடைக்கு உள்ள வராங்கன்னு அப்பதான் எனக்கு ஒறைச்சிது.

"இவ்ளோதானா?"ன்னாங்க.

"இன்னா அத்த?"

"உள்ள இன்னாமோ பெருசா இருக்கும்னு நெனச்சிகினு இருந்தேன்டி. இத்துனூண்டு எடத்த வுட்டு வெளிய வரவா அந்தாளுக்கு அத்தினி நேரம்?"