அண்ணனின் மூன்று விரல்கள் போன விதம்

எங்கள் அண்ணன் காலமாகி ஓராண்டு ஆகிறது. திதிக்கு வரும் சொந்தக்காரர்களுக்கும், திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் அவரோடு பழகியவர்களுக்கும் கொடுக்க இந்தப் புத்தகம். என் படிப்பு மூன்றாம் வகுப்பு. அலங்காரமாக எழுத வராது. ஆனாலும் இதை நான்தான் எழுத வேண்டும். அண்ணன் வலது கையில் மூன்று விரல் இல்லாததற்கு அவருடைய கவனக்குறைவுதான் காரணம் என்று எல்லோரும் நினைக்கிறீர்கள். அது அப்படியல்ல. அதைச் சொல்லாமல் வேறு என்ன எழுதினாலும் சரியாகாது.

அண்ணன் பிறந்தது நாஞ்சில் நாட்டில், தோவாளைப் பக்கம். அக்கா, அண்ணன், நான் என்று மூன்று பேர். அப்பா சீக்கிரம் போய்விட்டார். அண்ணன் நெல் வண்டியோடு திருவனந்தபுரம் வந்து சாலையில் மூட்டை சுமந்தார். அங்கே ஒரு முதலாளி ஆயில் எஞ்சின் வாங்கி நெல் அரைக்கும் மிஷின் வைத்தார். அதைப் பூட்ட வந்த மெக்கானிக்கின் பின்னாலேயே நின்று அண்ணன் வேலையைப் பிடித்துக்கொண்டார். அக்காவைக் கட்டிக்கொடுத்தார். எனக்குக் கல்யாணமான பிறகு என்னையும் மில்லில் சேர்க்கக் கேட்டார். முதலாளி யோசித்தார். "அவன் என் பொறுப்பு" என்றார் அண்ணன்.

மழைக்காலத்தில் மிஷினை ஓட்டுவது பெரும்பாடு. பெல்ட் ஈரம் பிடித்தால் வழுக்கும். அண்ணன் காலையில் முதல் வேலையாகப் பெல்ட்டைத் துடைத்துக் குங்கிலியப் பொடி போடுவார். எண்ணெயைத் துணியில் வடிகட்டி, எஞ்சின் ஆறின பிறகே ஊற்றுவார். பக்கத்தில் யாரும் பீடி பிடிக்கக் கூடாது. வேட்டி நுனியைத் தொங்கவிட்டுக்கொண்டு யாரும் உள்ளே வரவும் கூடாது.

ஈர நெல் மிஷினுக்குள் அடைத்துக்கொள்ளும். அதை எடுக்க ஒவ்வொரு தடவையும் எஞ்சினை நிறுத்த முடியாது. திரும்பக் கிளப்ப வெகு நேரம் ஆகும். அதனால் ஒரு மரக்கோலால் பெல்ட்டை வெறும் சக்கரத்துக்குத் தள்ளிவிடுவோம். எஞ்சின் ஓடும், மிஷின் நிற்கும்; கோலைத் திருப்பித் தள்ளினால் மிஷினும் ஓடும். அண்ணன் தம் தோளில் கிடக்கும் தோர்த்துத் துண்டை எடுத்து அந்தக் கோலில் போட்டுவிட்டுத்தான் உள்ளே கை விடுவார். தோர்த்து கிடந்தால் கோலை ஒருவரும் தொடக் கூடாது. கை வெளியே வந்ததும் அவரே எடுத்துக்கொள்வார். இது மில்லில் எல்லோருக்கும் தெரியும்.

அந்த வருஷம் ஓணத்துக்கு இரண்டு நாள் இருந்தது. மழை விடவில்லை. வாசலில் கூட்டம்.

"அண்ணாச்சி, அரி இன்னு கிட்டுமோ?" என்று, அரிசி இன்று கிடைக்குமா என ஒரு மலையாளத்து வீட்டம்மா கேட்டாள்.

"நெல்லு குளிச்சுட்டு வந்திருக்கும்மா. கொஞ்சம் பொறுக்கணும்" என்றார் அண்ணன்.

நெல் வியாபாரி ஒருவர் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார். "உம்ம மிஷினுக்குச் சளி பிடிச்சுட்டா வேய்? காலையிலேருந்து இருமுதே" என்றார்.

மறுபடியும் அடைத்தது. அண்ணன் பெல்ட்டைத் தள்ளி, தோர்த்தைப் போட்டு, மிஷினுக்குப் பின்னால் உட்கார்ந்து அடிச்சல்லடையைக் கழற்றினார். அது எனக்குத் தெரியாது. நான் வெளியே வண்டியிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்தேன். நனைந்து உள்ளே வந்தேன். தண்ணீர் கண்ணில் வழிந்தது. கைக்கு எட்டின தோர்த்தை, எதில் கிடக்கிறது என்று பார்க்காமல், எடுத்துத் தலையைத் துடைத்தேன். அதைத் தோளில் போட்டுக்கொண்டே அடுத்த மூட்டைக்குப் போனேன். திரும்பி வந்தால் கோல் வெறுமையாக இருந்தது.

"மிஷின் சும்மா நிக்குது, எஞ்சின் வெட்டிக்கு ஓடுது. தள்ளுமேன் வேய்" என்றார் வியாபாரி.

தள்ளினேன்.

தோர்த்தை எடுத்தவன் நான். கோலில் தோர்த்து இல்லையே என்று தள்ளியவனும் நான்.

ஆஸ்பத்திரிக்கு மாட்டுவண்டியில் போனோம். கையில் அதே தோர்த்தைச் சுற்றியிருந்தோம். வழியில் அண்ணன் சொன்னார்: "கேளுலே. தோர்த்து நான் போடல்ல. மறந்துட்டேன். அவ்வளவுதான்."

"அண்ணா, நான்தானே..."

"நாளைக்கே முதலாளி உன்னை அனுப்பிருவாரு. வீட்டிலே உன் பொஞ்சாதி மாசமா இருக்கா. வாயை மூடிக்கிட்டு இரு."

இருந்தேன்.

முதலாளி ஆஸ்பத்திரிக்கு வந்தார். "ஊருக்கெல்லாம் சொல்லுவியே, நீயே மறந்துட்டியே" என்றார். "புத்தி அங்கே நிக்கல்ல முதலாளி" என்றார் அண்ணன். நான் பக்கத்தில் நின்றேன்.

எஞ்சின் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். அண்ணன் வாசலில் உட்கார்ந்து இடது கையாலும் பல்லாலும் சாக்கு வாய் கட்டினார். வேறு மில்லில் போய்க் கேட்டார். கவனமில்லாத ஆள் வேண்டாம் என்றார்கள். எங்கள் மில் வாசலிலேயே கடைசிவரை இருந்தார். "பெல்ட் கத்துது, நிறுத்தித் துடை" என்று அங்கிருந்தே குரல் கொடுப்பார். அந்த நாளைப் பற்றி ஒரு தடவை கூட அவர் பேச்செடுக்கவில்லை. பிள்ளை பிறந்த பிறகு சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அப்போது, இத்தனை நாள் ஏன் மறைத்தாய் என்று கேட்பார்களே என்ற வேறு பயம் வந்துவிட்டது. வருஷங்கள் போய்விட்டன.

இப்போது அடைத்தால் நான் எஞ்சினையே நிறுத்திவிடுகிறேன். நேரம் ஆகும். ஆகட்டும்.

யுத்தம் வந்து அரிசிக்குத் தட்டுப்பாடு வந்தது. மில் பாதி நாள் ஓடவில்லை. அண்ணன் காய்ச்சலில் பத்து நாள் கிடந்து கண்ணை மூடினார். யாரையும் சிரமப்படுத்தவில்லை. அந்தப் பத்து நாளிலும் நான் சொல்லவில்லை.

போன மாதம் அண்ணன் மனைவி, எங்கள் மதினியிடம் சொன்னேன். மதினி அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்கள். முறத்தைக் கீழே வைத்தார்கள்.

"ஒரு தம்ளர் கை தவறினாலும், மிஷினிலே கை விட்ட ஆளுதானேன்னு ஏசுவேன். இருபது வருஷம் ஏசினேன். ஒரு வார்த்தை சொன்னாரா அந்த மனுஷன்?"

பிறகு முறத்தை எடுத்து மறுபடியும் புடைத்தார்கள். நான் எழுந்தபோது, "எழுதுங்க. எல்லாரும் வாசிக்கட்டும்" என்றார்கள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்று வண்டியைக் கூலி கேட்காமல் ஓட்டிய வண்டிக்காரருக்கும், புண் ஆறும்வரை கட்டு மாற்றிய கம்பவுண்டருக்கும், போன வருஷம் கொட்டுகிற மழையில் தோள் கொடுத்தவர்களுக்கும், பதினாறு நாளும் கூட இருந்த அக்காவுக்கும் அத்தானுக்கும் எங்கள் குடும்பம் நன்றி சொல்கிறது.

அண்ணனைக் கவனமில்லாதவர் என்று இனி யாரும் சொல்ல வேண்டாம். சொல்லியே ஆகவேண்டுமென்றால் என்னிடம் வந்து என்னைச் சொல்லுங்கள். பகலெல்லாம் மில்லில்தான் இருப்பேன்.